அத்தியாயம் 6: இரண்டு தண்ணீரும் பொடிமீன்களும்

ஆனி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்கு வெளியூர்க்காரர் யாராவது வந்தால் குழம்பிப்போவார். மழை பெய்த அடையாளமே தரையில் இருக்காது. காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆனால் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் சுழித்து ஓடும், வாய்க்கால்கள் நிறையும், நாற்றங்காலில் வேலை நடக்கும். மழை பெய்தது மலைக்கு அந்தப் பக்கம். மேற்கே ஓடவேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் குகை வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர்கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக வைகை அணைக்கு வருகிறது. இது முதல் தண்ணீர்.

இரண்டாவது தண்ணீர் ஐப்பசியில் வருகிறது. அது இந்த மண்ணில் விழும் சொந்த மழை. வடகிழக்குப் பருவமழை இறங்கினால்தான் மூல வைகையில் வெள்ளம் வரும், போடிப் பக்கம் கொட்டக்குடி ஆறு பெருகும், ஆண்டிபட்டி வட்டாரத்தின் மானாவாரிக் கண்மாய்களில் ஈரம் தெரியும்.

பொடிமீன் தேடுகிறவர் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதைத்தான். ஆற்றிலும் குளத்திலும் சின்ன மீன் எப்போது பெருகும், எங்கே கூடும், எப்போது காணாமல் போகும் என்பதைத் தேதி முடிவு செய்வதில்லை. புதுத்தண்ணீர் எப்போது வந்தது, வந்த பிறகு மட்டம் நின்றதா இறங்கியதா என்பதே முடிவு செய்கிறது. ஒரே மாவட்டத்தில் முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கண்மாய்களுக்கு மீன் பருவம் மூன்று மாதம் முன்பின்னாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பொடிமீன் என்றால் எவை?

பெரிய மீனுக்கு இரையாகும் அளவிலேயே வாழ்ந்து முடிக்கும் சின்ன மீன்களையும், சில பெரிய மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்தே இந்த நூலில் பொடிமீன் என்கிறோம். தண்ணீரில் எந்த அடுக்கில் திரிகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொண்டால் தேடுவது எளிது.

மேல்மட்டத்தில் வெளிச்சி. தகடுபோல மெலிந்த உடல், வெயிலில் பளிச்சிடும் செதில். அணையின் திறந்த வெளியில் கூட்டமாகத் திரியும். தண்ணீரின் மேல் விழும் பூச்சியும் மிதக்கும் நுண்ணுயிர்களும் இதன் உணவு.

நடுமட்டத்திலும் கரையோரத்திலும் கெண்டை. பொடிக் கெண்டை வகைகள் பல உண்டு. செடி, புல், மூழ்கிய முள் இருக்கும் இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. விரால் தூண்டிலுக்கு உயிர் இரையாக இந்தப் பக்கத்தில் அதிகம் போவது இதுதான்.

அடிமட்டத்தில் அயிரையும் உளுவையும். மணலும் வண்டலும் கலந்த தரை அயிரைக்குப் பிடித்தம். ஆபத்து என்றால் மணலில் புதைந்துகொள்ளும். குடலாலும் காற்றைச் சுவாசிக்கும் என்பதால், மற்ற மீன்கள் திணறும் கலங்கல் குட்டையில்கூடச் சிலகாலம் தாங்கும்.

நாலாவதாக ஜிலேபிக் குஞ்சு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று வைகை அணையானாலும் ஊர்க் கண்மாயானாலும் கரையோரத்தில் கையளவு தண்ணீரில் மொய்ப்பது பெரும்பாலும் இதன் குஞ்சுதான்.

இவற்றைத் தின்ன விரால், குறவை, கெளுத்தி, வாளை ஆகியவை நீருக்குள்ளும், நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி ஆகியவை மேலேயும் காத்திருக்கின்றன. பொடிமீன் நகரும் திசையில்தான் இவை எல்லாம் நகரும். பெரிய மீனைத் தேடுகிறவரும் இந்த அத்தியாயத்தைப் படிக்கவேண்டியது அதனால்தான்.

எந்த நீர்நிலைக்கு எந்தத் தண்ணீர்?

தேனி மாவட்டத்து நீர்நிலைகளை மீன்பிடிக்கிறவர் பார்வையில் நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, ஆற்றுப் பாசனக் குளங்கள். கூடலூர் ஒட்டான்குளம், கம்பம் வீரப்பநாயக்கன்குளம் போன்றவை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் முதலில் தொடுவது இவற்றை. பெரியாறு அணையில் இருப்பு இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 1 அன்றே பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். ஆகவே இங்கே பொடிமீன் பருவம் ஆனி, ஆடியிலேயே தொடங்கிவிடும்.

இரண்டு, மழைக்குக் காத்திருக்கும் கண்மாய்கள். போடி, தேவாரம், ஆண்டிபட்டிப் பக்கத்தில் பல. இவற்றில் சிலவற்றுக்கு 18-ஆம் கால்வாய் வழியாகப் பெரியாற்றுத் தண்ணீர் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் அணைகள் நிரம்பிய பிறகே. மற்றவை முழுக்க வானத்தை நம்பியவை. இங்கே ஆடியில் வலை வீசினால் சேறுதான் மிஞ்சும். பருவம் கார்த்திகையில்தான்.

மூன்று, வைகை அணை. 1959-இல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. முல்லைப் பெரியாறு, கொட்டக்குடி ஆறு, மூல வைகை ஆகிய எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் என்பதால் இரண்டு தண்ணீரும் இங்கே சேரும். ஆனால் திறந்துவிடுவதும் இங்கிருந்துதான். மதுரை, திண்டுக்கல் பக்கத்து 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால், ஒருபக்கம் வரத்து இருந்தும் மட்டம் ஏறாமல் நிற்கும். சில ஆண்டுகளில் இறங்கவும் செய்யும். அதனால் வைகை அணையில் முதல் தண்ணீரை நம்பிக் கணக்குப் போட முடியாது. இரண்டாவது தண்ணீரே உறுதி.

நான்கு, மலையடிவாரத்துச் சிறிய அணைகள். பெரியகுளத்துக்கு மேலே சோத்துப்பாறை, தேவதானப்பட்டி அருகே மஞ்சளாறு, ராயப்பன்பட்டி அருகே சண்முகாநதி. சரிவான கரை, திடீரென ஏறும் மட்டம், குளிர்ந்த தண்ணீர். பொடிமீன் கரையோரத்தின் குறுகிய மேட்டுத் திட்டிலும் ஓடை வந்து சேரும் வாயிலும் மட்டுமே கூடும்.

மாசி முதல் வைகாசி வரை: வற்றும் தண்ணீர், நெருங்கும் மீன்

மாசியில் தொடங்கும் வற்றல் சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போகும். தண்ணீர் சுருங்கச் சுருங்க, பரவிக் கிடந்த மீன் சின்னப் பரப்பில் நெருங்கும். வலையில் அள்ளும்போது "இவ்வளவு மீனா!" என்று தோன்றும். இதைப் பெருக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். இருந்த மீன் ஒரே இடத்தில் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை உண்மையில் குறைந்துகொண்டே போகும். மறைய ஒரு புல் இல்லை. கரையோரப் புல்தரை மாடு மேயும் நிலமாகிவிட்டது. விரால், நீர்க்காகம், மனிதன் எல்லாருக்கும் பொடிமீன் எளிதாகக் கிடைக்கும்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நாட்களில் மட்டம் சற்று வேகமாக இறங்கும். கரையோரக் குழிகளில் மீன் சிக்கும். அந்தக் குழிமீனை அள்ளுவதில் தவறில்லை. எப்படியும் வெயிலில் சாகப்போகிற மீன். ஆனால் அணையின் ஆழப்பகுதியோடு தொடர்புள்ள மடுக்களை விட்டுவிடுங்கள். அடுத்த பருவத்துக்கு முட்டையிடப்போகும் தாய்மீன்கள் கோடையைக் கழிப்பது அங்கேதான்.

கண்மாய்களில் கோடையின் கடைசித் தண்ணீர் பச்சைப் பாசியாகிவிடும். இரவு முழுவதும் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரில் கரைந்த பிராணவாயுவைத் தீர்த்துவிடுவதால், விடியற்காலையில் கெண்டை மேலே வந்து வாய் பிளக்கும். வெயில் ஏறியதும் பாசி மறுபடி பிராணவாயுவை வெளிவிடும், மீன் கீழே போகும். விடிந்து வெகுநேரமாகியும் மீன் வாய் பிளந்தபடியே நின்றால் கண்மாய் குத்தகைதாரர் அன்றே மீனைப் பிடித்துவிடுவது நல்லது. மறுநாள் செத்து மிதக்கும்.

கோடை மழை ஒன்றிரண்டு பெய்யும். அதில் மயங்கவேண்டாம். ஒரு நாள் மழைக்கு ஓடையில் வரும் தண்ணீரை எதிர்த்துக் கெண்டை ஏறும், சில முட்டையும் இடும். அடுத்த வாரம் ஓடை காய்ந்தால் அத்தனையும் வீண்.

ஆனி முதல் ஆவணி வரை: முதல் தண்ணீர்

கூடலூர் முதல் சின்னமனூர் வரையிலான பள்ளத்தாக்கின் மேல்பகுதிக்கு இதுவே ஆண்டின் தொடக்கம். செம்மண் கலங்கலாகப் புதுத்தண்ணீர் வாய்க்காலில் நுழைந்ததும், குளத்தில் தங்கியிருந்த சினைக் கெண்டை மடை வாயிலையும் வரத்துக்கால் வாயையும் தேடிப் போகும். தண்ணீர் ஓட்டத்தை எதிர்த்து ஏறி, புதிதாக மூழ்கிய புல்லிலும் வரப்போரத்திலும் முட்டையிடும். முட்டை புல்லில் ஒட்டிக்கொள்ளும். இந்த வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரித்த குஞ்சுக்கு உணவும் அதே புல்லின் அடியில் கிடைக்கும். காய்ந்து கிடந்த கரையில் தண்ணீர் ஏறும்போது சாணம், சருகு, புல் எல்லாம் ஊறி, நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகுவதுதான் காரணம்.

ஆகவே தண்ணீர் வந்த முதல் இரண்டு வாரம் மீன் கண்ணுக்கு நிறையத் தெரியும், ஆனால் பிடிக்கக்கூடாத காலம் அதுதான். எதிரேறும் மீனை மடை வாயில் வலை கட்டிப் பிடிப்பது எல்லா இடத்திலும் எளிதான வழி. வயிறு பெருத்த ஒரு கெண்டையை அப்போது எடுப்பது, ஆவணியில் கிடைக்கவேண்டிய நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் சேர்த்து எடுப்பதாகும். பிடித்ததில் வயிறு பெருத்ததைக் கண்டால் திருப்பி விடுங்கள்.

பொறுத்தவருக்கு ஆடிக் கடைசியில் பலன் தெரியும். நடவு முடிந்த வயல்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் சுண்டுவிரல் நகம் அளவு குஞ்சுகள் திரளும். ஆவணியில் உயிர் இரைக்கு ஏற்ற அளவு வந்துவிடும். வயலில் பூச்சிமருந்து அடித்த நாளிலும் அதற்கு அடுத்த சில நாட்களிலும் அந்த வாய்க்காலில் மீன் எடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் ஆகாது, இரைக்கு வைத்தாலும் சீக்கிரம் செத்துவிடும்.

இந்த மாதங்களின் இன்னொரு சங்கதி காற்று. மேற்கு மலை இடைவெளிகள் வழியாக இறங்கும் பருவக்காற்று பள்ளத்தாக்கு முழுக்க வீசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. இந்தக் காற்று மிதக்கும் நுண்ணுயிர்களைத் தண்ணீரின் மேல்பரப்போடு தள்ளிக் கிழக்குக் கரையில் சேர்க்கும். வெளிச்சி அதைத் தொடர்ந்து போகும், வெளிச்சியைத் தொடர்ந்து பெரிய மீன் போகும். அலை மோதும் கரையில் நின்றால் முகத்தில் தண்ணீர் தெறிக்கும், தூண்டில் போடவும் சிரமம்தான். அதற்காக அலையில்லாத மேற்குக் கரையில் வசதியாக உட்கார்ந்தால் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான்.

புரட்டாசி: இடைவெளி மாதம்

மேற்கு மழை ஓயும், சொந்த மழை இன்னும் தொடங்காது. தண்ணீர் தெளியும். முதல் தண்ணீரில் பிறந்த குஞ்சு வளர்ந்து கூட்டமாகத் திரிவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். விரதம் இருப்பவர்கள் அதிகம் என்பதால் சந்தையில் மீன் வாங்குவோர் குறைவு, அதனால் பிடிப்பதும் குறைவு. உயிர் இரைக்குக் கெண்டை சேகரிக்க ஆற்றுப் பாசனக் குளங்களில் இதைவிட நல்ல மாதம் இல்லை. முட்டையிடும் மீனைத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை, அளவும் சீராக இருக்கும்.

மழைக் கண்மாய்களின் குத்தகைதாரர்களுக்கு இது வேலை மாதம். வரத்துக்காலில் அடைந்த குப்பையை எடுப்பது, மடை சரிபார்ப்பது, கலுங்கில் மீன் வெளியேறாமல் தடுக்கக் கம்பிவலைத் தட்டி வைப்பது எல்லாம் மழைக்கு முன் முடியவேண்டும். தட்டியில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரைக்கு மேல் ஏறும் என்பதால், வைத்த தட்டியை மழை நாளில் காவல் காக்கவும் ஆள் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: இரண்டாவது தண்ணீர்

மாவட்டம் முழுமைக்கும் பெரிய பருவம் இது. மூல வைகையில் வெள்ளம் வருவது சில மணி நேரத்து விஷயம். கடமலைக்குண்டுப் பக்கம் காலையில் முழங்கால் தண்ணீர் இருந்த ஆறு மாலையில் கரை புரளலாம். அணைக்குள் கலங்கல் பரவும்போது வெளிச்சி கலங்கலுக்கும் தெளிவுக்கும் இடைப்பட்ட கோட்டில் கூடும். மேலிருந்து பார்த்தாலே அந்தக் கோடு தெரியும். பெரிய மீனும் அங்கேதான் சுற்றும்.

காய்ந்த கண்மாயில் புதுத்தண்ணீர் நுழைந்த சில வாரத்தில் மீன் எங்கிருந்து வந்தது என்று பலர் வியப்பார்கள். பெரும்பகுதி வரத்துக்கால் வழியாக மேல் கண்மாயிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வந்தது. ஒருபகுதி ஈரச்சேற்றிலும் மடை அருகே உள்ள சின்னக் குழியிலும் உயிர் பிடித்துக் கிடந்தது. குறவையும் விராலும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதால் அப்படிக் கிடக்க முடியும். சங்கிலிபோல ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் விடும் கண்மாய்களில், மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு மீன். நடுவில் வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டுவிட்டால், மழை பெய்து கண்மாய் நிறைந்தாலும் மீன் குறைவாகவே இருக்கும்.

இந்தப் பருவத்தில் செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு, மூச்சுக்காக மேலே வந்து வந்து போவதைக் கரையோரத்தில் பார்த்தால் அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவே எதை இழுத்தாலும் பாய்ந்து கடிக்கும் என்பது தூண்டில்காரர் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்படிப் பிடிக்கவேண்டாம். காவல் போன மறுகணம் அந்தக் குஞ்சுகளைக் கெண்டையும் ஜிலேபியுமே தின்று தீர்த்துவிடும்.

மார்கழி, தை: நிறைந்த தண்ணீர், மந்தமான மீன்

தண்ணீர் நிறைந்திருக்கும், மீனும் ஏராளமாக இருக்கும், ஆனால் கிடைக்காது. பனிக்காலக் காலையில் கரையோரத் தண்ணீர் குளிர்ந்துவிடுவதால் பொடிமீன் ஆழத்துக்கு இறங்கி அசையாமல் நிற்கும். விடியற்காலையில் போய்க் குளிரில் நடுங்குவதைவிட, வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல் போங்கள். வெயில் நேராக விழும் மேட்டுத் திட்டுகள், கருங்கல் பாவிய கரைகள் முதலில் சூடேறும். கெண்டை அங்கே வரும். மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடி விலகும்.

அயிரைக்கு மட்டும் கணக்கு வேறு. ஆற்றில் வெள்ளம் வடிந்து மணல் திட்டுகள் தலைகாட்டும் தை மாதத்தில், முழங்காலுக்குக் கீழான தெளிந்த ஓட்டத்தில் அது எளிதாகக் கிடைக்கும். மதுரைப் பக்கத்துச் சமையலில் அயிரைக்கு இருக்கும் மதிப்பு ஊரறிந்தது. உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலில் சற்று நேரம் விட்டு, மண்ணைக் கக்கவைத்துக் குழம்பு வைப்பார்கள். மணல் இல்லாத ஆற்றில் அயிரை இல்லை. மணல் அள்ளிப் பாறை தெரியும் இடங்களில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நாளிதழ் நீர்மட்டத்தைப் படிக்கும் முறை

தேனி, மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் பெரியாறு, வைகை அணைகளின் மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவை தினமும் வரும். விவசாயிக்கு மட்டுமான செய்தி அன்று அது. இந்த மூன்று எண்களையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள்.

வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமா? ஆம் என்றால் மட்டம் ஏறுகிறது. விநாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் முழுவதும் வந்தால் 86.4 மில்லியன் கனஅடி தண்ணீர் சேரும். உதாரணமாக வரத்து 1,500, வெளியேற்றம் 900 என்றால் நிகரம் 600. ஒரு நாளில் சேர்வது சுமார் 52 மில்லியன் கனஅடி. அணையில் இருப்பு குறைவாக இருக்கும்போது இதே தண்ணீர் மட்டத்தை நன்றாக உயர்த்தும், நிறைந்திருக்கும்போது பரந்த பரப்பில் விரிந்து சிறிதளவே உயர்த்தும்.

தொடர்ந்து ஒரு வாரமாவது ஏறுகிறதா? ஏறினால் புதிதாக மூழ்கிய புல்லில் முட்டை இருக்கும். அடுத்த மாதம் அந்த மட்டத்துக்கரைதான் குஞ்சுகளின் இடம்.

ஏறிய பிறகு திடீரென இறங்கியதா? இறங்கினால் புல்லில் ஒட்டிய கெண்டை முட்டை காற்றில் காய்ந்துபோகும். ஜிலேபிக்கு இந்த ஆபத்து குறைவு. கரையோரத்தில் தட்டுபோலக் குழி பறித்து முட்டையிட்டாலும், தாய் உடனே முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீர் போகும் திசையில் தானும் போய்விடும். மட்டம் அடிக்கடி ஏறி இறங்கும் பாசன அணைகளில் நாட்டுக் கெண்டை குறைந்து ஜிலேபி மேலோங்க இதுவும் ஒரு காரணம். அது ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும் என்பது இன்னொரு காரணம்.

பிடிக்கும்போது

இலங்கையின் பாசனக் குளங்களில் செய்த ஆய்வுகள் ஒரு பயனுள்ள உண்மையைக் காட்டின. ஜிலேபிக் குஞ்சு கரையோர ஆழமற்ற நீரை விட்டு வெளியே போவதில்லை, சின்னக் கெண்டை வகைகள் கரையிலிருந்து விலகியும் திரிகின்றன. ஆகவே சிறுகண் வலையைக் கரையிலிருந்து தள்ளி விட்டால், வளரவேண்டிய ஜிலேபிக் குஞ்சை அழிக்காமல் கெண்டையை மட்டும் எடுக்கலாம். வைகை போன்ற அணைக்கும் இதே யுக்தி பொருந்தும். உரிமம் பெற்ற மீனவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தூண்டில்காரருக்கு உயிர் இரை பத்துப் பதினைந்து போதும். சின்ன முள், சின்னத் தக்கை, நுனியில் மண்புழுத் துண்டு அல்லது பிசைந்த கோதுமை மாவு. மீன் பிடித்த அதே தண்ணீரை வாளியில் எடுத்து, நிழலில் வைத்து, அடிக்கடி பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கொசுவலையைக் கட்டி இழுப்பது வேண்டாம். அதில் வருவது மீன் மட்டுமல்ல, அடுத்த தலைமுறையும்தான்.

மிஞ்சிய இரையை எடுத்த இடத்திலேயே விடுங்கள். வேறு நீர்நிலையில் விடக்கூடாது. குறிப்பாகத் தேக்கடிப் பக்கமோ மேகமலைப் பக்கமோ உயிர்மீன் கொண்டுபோகாதீர்கள். பெரியாற்று மேல்நீரில் உலகில் வேறெங்கும் இல்லாத சில மீனினங்கள் வாழ்கின்றன. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அங்கே ஏற்கெனவே நுழைந்து தொல்லை கொடுக்கின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நாட்டில் தடையே இருக்கிறது.

சட்டமும் எச்சரிக்கையும்

எந்தக் கண்மாயிலும் இறங்குமுன் மீன்பாசிக் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று ஊரில் கேளுங்கள். தூண்டிலுக்குத் தடை சொல்லாதவர்களும் வலைக்குச் சம்மதிக்கமாட்டார்கள். அணைகளில் மீன்வளத் துறையின் அனுமதி தேவை. மேகமலை நீர்த்தேக்கங்களும் சுருளியின் மேல்பகுதியும் காட்டுக்குள் இருப்பவை. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகப் பகுதியில் மீன்பிடிக்க நினைக்கவே வேண்டாம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம்.

வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. அணைக்குக் கீழே ஆற்றில் மீன்பிடிப்பவர்கள் முதல் எச்சரிக்கையிலேயே ஆற்றை விட்டு ஏறிவிடவேண்டும். லோயர்கேம்ப் முதல் வீரபாண்டி வரை முல்லைப் பெரியாற்றில் இறங்குபவர்கள், வானம் வெளுத்திருக்கிறது என்று நம்பக்கூடாது. தண்ணீர் ஏறுவது மலைக்கு அப்பால் பெய்யும் மழையாலும் மின்நிலையத்துத் திறப்பாலும்.

ஓராண்டு சுருக்கம்

மாசி, பங்குனி: மீன் சுருங்கும் நீரில் கூடத் தொடங்கும். துண்டுபட்ட குழிகளில் எடுக்கலாம்.
சித்திரை, வைகாசி: எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஆழமான மடுக்களைத் தொடாதீர்கள்.
ஆனி: மேல் பள்ளத்தாக்கில் முட்டைக் காலம். மடை வாயில்களை விட்டு விலகுங்கள்.
ஆடி, ஆவணி: கிழக்குக் கரையில் வெளிச்சி. வயல் வாய்க்கால்களில் கெண்டைக் குஞ்சு.
புரட்டாசி: உயிர் இரை சேகரிக்கச் சிறந்த மாதம்.
ஐப்பசி: மழைக் கண்மாய்களில் முட்டைக் காலம். வரத்துக்காலில் வலை கட்டாதீர்கள்.
கார்த்திகை: கலங்கல் கோட்டில் பெரிய மீன். விரால் குஞ்சுக் கூட்டத்தைத் தவிருங்கள்.
மார்கழி, தை: பத்து மணி முதல் நான்கு மணி வரை. தையில் ஆற்று அயிரை.

இந்தச் சுருக்கம் இரண்டு மழையும் ஒழுங்காகப் பெய்த ஆண்டுக்கானது. மேற்கு மழை பொய்த்தால் ஆனி வரிசையை அடித்துவிட்டு ஐப்பசிக்குக் காத்திருங்கள். வடகிழக்கு பொய்த்தால் மழைக் கண்மாய்களை அந்த ஆண்டுக்கு மறந்துவிட்டு, ஆற்றுப் பாசனக் குளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் குளத்துக்கென ஒரு குறிப்பேடு வைத்து, தண்ணீர் வந்த நாள், மட்டம் நின்ற நாட்கள், வயிறு பெருத்த கெண்டையை முதலில் கண்ட நாள், குஞ்சு தெரிந்த நாள் ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். மூன்று ஆண்டு எழுதினால் மேலே உள்ள சுருக்கத்தை உங்கள் குளத்துக்கு ஏற்றபடி நீங்களே திருத்திக்கொள்ளலாம்.